தேவராஜ் அண்ணனும் சுவருக்குள் இருந்த பதினொரு இணைப்புகளும்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இதை எழுதச் சொன்ன குடியிருப்புச் செயலாளர் மாமா, "ஒரு பக்கம் போதும்மா. நல்ல மனுஷர், கடின உழைப்பாளின்னு நாலு வார்த்தை. நீதான் தமிழ்ல நல்ல மார்க் வாங்குறியே" என்றார். ஒரு பக்கத்தில் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் இரங்கலுக்காகக் கூடப்போகிற நீங்கள் எல்லோரும் தேவராஜ் அண்ணனை அறிந்தவர்கள். ஆனால் அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு நாலு வார்த்தை எழுதினால் அது பொய்யாகிவிடும்.

செய்தி வந்தது செவ்வாய்க்கிழமை காலை. நான் பள்ளிக்குப் போகத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அம்மாவின் போனில் நம் குடியிருப்புக் குழுவில் ஒரு வரி வந்தது: "நம்ம பிளம்பர் தேவராஜ் இன்று விடியற்காலை மாரடைப்பில் காலமானார்." அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நடுவில் யாரோ, "அப்போ மோட்டாருக்கு இனிமே யாரைக் கூப்பிடறது?" என்று கேட்டிருந்தார்கள். மறுபடியும் கைகூப்பும் படங்கள் தொடர்ந்தன. அப்பா அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். பிறகு கூடத்துக்குப் போய் ஒன்றுமே இல்லாத ஒரு சுவருக்கு எதிரே நின்றார். காபி ஆறும்வரை அங்கேயே நின்றார்.

மூன்று வருடங்களுக்கு முன் நாங்கள் மாங்காட்டில் இந்த வீட்டைப் பழைய சொந்தக்காரரிடமிருந்து வாங்கி வந்தபோது குளியலறைக் குழாய்கள் எல்லாம் துருப்பிடித்திருந்தன. செயலாளர் மாமாதான் தேவராஜ் அண்ணனை அனுப்பினார். சென்னீர்குப்பத்திலிருந்து மொபெட்டில் வந்தார். பின்னால் அவர் மனைவி கஸ்தூரி அக்கா, மடியில் சிமென்ட் சாக்கில் தைத்த ஒரு பையுடன் உட்கார்ந்திருந்தார். தேனியிலிருந்து வந்த அப்பா, "இந்த ஏரியா உங்களுக்குப் பழக்கமா?" என்று கேட்டார். "இன்னா சார் இப்டி கேட்டுட்ட. நீ நிக்கிற எடத்துல எங்க நைனா நாத்து நட்டுச்சு. அப்போ தண்ணி வெளிய நின்னுச்சு, இப்போ சுவத்துக்குள்ள நிக்குது. மத்தபடி அதே தண்ணிதான்" என்றார். அப்பா சிரித்தார். எங்கள் வீட்டில் அப்பாவை ஒருமையில் கூப்பிட்ட முதல் வெளியாள் அவர். எழுதுவதற்காக மரியாதையான சொற்களாக மாற்றிவிடலாம் என்று தோன்றியது. மாற்றவில்லை.

அப்போது எனக்குக் கோடை விடுமுறை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு குளியலறை வாசலில் உட்கார்ந்து அவர்கள் செய்வதையெல்லாம் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒரு பழக்கம். தேவராஜ் அண்ணன் என்னைப் பார்த்ததும், "ஏய் கஸ்தூரி, வாய அடக்கிக்கோ. ஸ்டேஷன் ரைட்டரம்மா வந்துட்டாங்க. நீ பேசுறதெல்லாம் கேஸ் கட்டுல ஏறிடும்" என்றார். "நான் இன்னா பேசினேன்? காலைலேந்து நீதான் பேசிக்கினு கீற" என்றார் கஸ்தூரி அக்கா. அன்றிலிருந்து நான் ரைட்டரம்மா.

அந்த நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. அதில் இருப்பதைப் பார்த்தே இதை எழுதுகிறேன். சுவரில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டிக் குழாய் பதிப்பது தேவராஜ் அண்ணன். குழாயையும் குழாயையும் சேர்க்கும் இணைப்புகளைப் போட்டது கஸ்தூரி அக்கா. எல்லா இணைப்புகளையும் அவர்தான் போட்டார். இதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் குழாயை நேராக அறுப்பார். அறுத்த விளிம்பில் ஒட்டியிருக்கும் பிசிறைக் கத்தியால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைப்பார். பசை தடவாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்து, எவ்வளவு ஆழம் போகிறது என்று பென்சிலால் கோடு போடுவார். பிறகு பசை தடவிச் செருகி, கால்வட்டம் திருப்பி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு முப்பது எண்ணுவார். எண்ணி முடிப்பதற்குள் கையை எடுத்தால் குழாய் தானாகவே மயிரிழை அளவு வெளியே தள்ளிவரும், கண்ணுக்குத் தெரியாது. அந்த முப்பது எண்ணிக்கைக்குள் யாரும் அவரோடு பேசக்கூடாது என்பது தேவராஜ் அண்ணனின் சட்டம். ஒருமுறை அம்மா டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டார். தேவராஜ் அண்ணன் உதட்டில் விரலை வைத்து, "பூஜை நடந்துகினு கீதும்மா" என்று மெதுவாகச் சொன்னார். எண்ணி முடித்த கஸ்தூரி அக்கா, "எனக்குச் சக்கர கம்மியா" என்றார்.

அப்பா இன்னொரு குழாயும் வேண்டும், அதை இந்தப் பக்கம் திருப்பலாமா என்று கேட்டபோது தேவராஜ் அண்ணன் சொன்னதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். "சுவத்துக்குள்ள ஜாயின்ட் எத்தினி கீதோ அத்தினி கவல சார். வளைக்காம போற குழாய் நம்மள கேள்வி கேக்காது." பதினாறு இணைப்புகள் வேண்டியிருந்த இடத்தில் குழாய் போகும் வழியை மாற்றி மாற்றி வரைந்து, பதினொன்றாகக் குறைத்தார். அதற்கே ஒரு நாள் ஆனது. நாளெல்லாம் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு அழித்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்து, வேலையே நடக்கவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

சுவரைப் பூசி மூடுவதற்கு முன் செய்ததுதான் முக்கியம். குழாய்களின் வாயையெல்லாம் அடைத்து, கைப்பம்பால் தண்ணீரை அழுத்தி, அழுத்தம் காட்டும் வட்டமான மானியைப் பொருத்தினார். முள் ஓர் இடத்தில் நின்றது. "கோடு நான் போட மாட்டேன். ஊட்டுக்காரங்க யாராச்சும் போடணும்" என்றார். என் பென்சிலால் கண்ணாடியில் கோடு விழவில்லை. கஸ்தூரி அக்கா மார்க்கர் பேனாவைத் தந்தார். முள் நின்ற இடத்தில் நான் கோடு போட்டேன். மறுநாள் காலை அவர்கள் வந்த பிறகுதான் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தோம். முள் என் கோட்டின் மேலேயே நின்றது. கஸ்தூரி அக்கா ஒவ்வொரு இணைப்பின் மேலும் மார்க்கரால் ஒரு சரிக்குறி போட்டுக்கொண்டே வந்தார். பதினொரு சரிக்குறிகள். நான் எண்ணினேன்.

அதன் பிறகு தேவராஜ் அண்ணன் சுவரில் அளவு நாடாவைப் பிடித்துக்கொள்ள, அப்பா தன் போனில் படம் எடுத்தார். தேவராஜ் அண்ணன் ஒரு வெள்ளைத் தாளில் தரையிலிருந்து எத்தனை அடி, கதவிலிருந்து எத்தனை அடி என்று குழாய் போகும் பாதையை வரைந்து, கீழே கஸ்தூரி அக்காவை "11 ஜாயின்ட்" என்று எழுதவைத்து, சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினார். "நீங்க ஒண்ணு வெச்சுக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன். "ஊடு உங்களுது. படமும் உங்க ஊட்லதான் இருக்கணும். ஆணி அடிக்கப் போறது நானா, நீங்களா?" என்றார்.

இனி எழுதப்போவது எங்கள் வீட்டுக்குள் நடந்தது.

அரையாண்டுத் தேர்வு வந்தபோது, தினமும் கண்ணில் படட்டும் என்று தேர்வு அட்டவணையைச் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினேன். அங்கே ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது. அதன் மேலேயே ஒட்டினேன். முழுஆண்டுத் தேர்வு வந்தபோது அதன் மேல் இன்னொன்று. அடுத்த வருடம் வேறொன்று. அப்பா என் புத்தகங்களுக்காக ஓர் அலமாரி வாங்கி, புதிதாக வாங்கிய துளை போடும் கருவியால் தானே கூடத்துச் சுவரில் மாட்டினார். அந்தச் சுவரின் மறுபக்கம்தான் குளியலறை. "இங்க குழாய் கிழாய் போகுதா?" என்று கேட்டார். "குழாயெல்லாம் அந்தப் பக்கம்தான" என்றார் அம்மா. சுவர் ஒன்றுதான் என்பது மூன்று பேருக்கும் தோன்றவில்லை. நான்கு துளைகள், நான்கு திருகாணிகள். அலமாரி அழகாக இருந்தது. முதல் வரிசையில் அகராதிகளை வைத்தேன்.

பல மாதங்கள் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்தது. அந்த வீட்டு அங்கிள் படமெடுத்துக் குழுவில் போட்டார். குடியிருப்புக் கூட்டத்தில், எங்கள் குளியலறையில் இணைப்புகளை யார் போட்டது என்று கேட்டார்கள். அப்பா உள்ளதைச் சொன்னார். "அந்தப் பொம்பளையா? அப்ப சரி. பொம்பள கை வெச்ச ஜாயின்ட் வேற எப்படி இருக்கும்?" என்றார் கீழ்வீட்டு அங்கிள். சிலர் சிரித்தார்கள். நானும் அம்மாவும் பின்வரிசையில் இருந்தோம். நாங்கள் சிரிக்கவில்லை; பேசவும் இல்லை. முள் என் கோட்டின் மேலேயே நின்றதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுந்து அதைச் சொல்லியிருக்கலாம். மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் வந்தது: "சுவருக்குள் செய்யும் குழாய் வேலைகளை தேவராஜ், கஸ்தூரி ஆகியோரிடம் கொடுக்க வேண்டாம். மோட்டார், மேல்தொட்டி வேலைகளுக்குத் தடையில்லை." அதை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது.

தேவராஜ் அண்ணன் மறுநாளே வந்தார், கஸ்தூரி அக்காவுடன். கோபப்படுவார் என்று நினைத்தேன். மானியைப் பொருத்திப் பார்த்தார். முள் மெதுவாக இறங்கியது. "சரி சார், லீக் கீது. இல்லன்னு சொல்ல மாட்டேன். எங்க கீதுன்னு பாப்போம். படம் எங்க?" என்றார். அப்பா பழைய போனை மாற்றிவிட்டிருந்தார். அதிலிருந்த படங்கள் போய்விட்டன. "அந்தப் பேப்பரும் பெயின்ட் அடிக்கறப்ப போயிருக்கும்" என்றார். எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

தேவராஜ் அண்ணன் கூடத்துத் திரைச்சீலைகளை இழுத்து மூடச் சொன்னார். விளக்குகளை அணைக்கச் சொன்னார். பகல் பதினொரு மணிக்குக் கூடம் இருட்டாகிவிட்டது. ஒரு டார்ச்சை எடுத்து, சுவரை நோக்கிக் காட்டாமல், சுவரோடு சுவராகக் கன்னத்தை ஒட்டுவதுபோல ஒட்டிப் பிடித்தார். வெளிச்சத்தில் சமமாகத் தெரிந்த சுவர் அப்போது மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. புத்தக அலமாரிக்குக் கீழே ஓர் உள்ளங்கை அளவுக்குப் பூச்சு உப்பியிருந்தது. "வெளிச்சம் நேரா அடிச்சா எல்லாச் சுவரும் நல்ல சுவரு சார்" என்றார்.

புத்தகங்களை நான் இறக்கினேன். அலமாரியின் மூன்றாவது திருகாணியை, கீழ்வரிசையில் இடது பக்கம் இருந்ததை, அவர் திருகி எடுத்ததும் துளையிலிருந்து தண்ணீர் ஊசி போலப் பாய்ந்து அப்பாவின் சட்டையை நனைத்தது. திருகாணி குழாயைத் துளைத்துக்கொண்டு, அந்தத் துளையைத் தானே இத்தனை நாள் அடைத்துக்கொண்டும் இருந்திருக்கிறது. துருப்பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் கசிந்திருக்கிறது. கஸ்தூரி அக்கா, "எண்ணிக்க சார். நான் போட்டது பதினொண்ணு. இது பன்னெண்டாவது. இது உன்னுது" என்றார்.

அன்றே பழுதான துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்துண்டு வைத்தார்கள். அதற்கு மேலும் இரண்டு இணைப்புகள் தேவைப்பட்டன. கஸ்தூரி அக்காதான் போட்டார். முப்பது வரை எண்ணினார். யாரும் குறுக்கே பேசவில்லை. உங்களில் பலரும் நினைப்பதுபோலக் கசிவை நிறுத்தியது அப்பா கூப்பிட்ட வேறு ஆள் அல்ல.

கிளம்பும்போது அப்பா வாசலில் நின்று சொன்னார்: "கீழ்வீட்டுல ஏற்கெனவே கோபமா இருக்காங்க. நான் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும்..." தேவராஜ் அண்ணன் முடிக்கவிடவில்லை. "நீயே சொல்லிடு சார். அதான் கரீக்ட்டு. நான் சொன்னா, தப்பு பண்ணிட்டு சாக்கு சொல்றான்னுவாங்க." கஸ்தூரி அக்கா, "எப்போ சொல்லுவ சார்?" என்றார். "இந்த ஞாயித்துக்கிழமை" என்றார் அப்பா.

அது எட்டு மாதங்களுக்கு முன்னால்.

மறுநாள் காலை சமையலறை அலமாரியைத் திறந்து அட்டவணையைப் பார்த்தபோது, அடியில் என்ன இருக்கிறது என்று எனக்கு நினைவு வந்தது. கதவை மூடிவிட்டேன். இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும்கூட.

எட்டு மாதங்களில் தேவராஜ் அண்ணன் மோட்டார் அறைக்குப் பலமுறை வந்தார். போகும்போது அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று, அந்தத் தாளைப் புதிதாகப் பார்ப்பவர்போல முழுதும் படித்துவிட்டுப் போவார். ஒருநாள் பள்ளியிலிருந்து திரும்பிய நான் அவரிடம் மாட்டிக்கொண்டேன். "இன்னா ரைட்டரம்மா, அப்பா ரொம்ப பிஸியா?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்கு இன்னா. எனக்கு மோட்டார் ரூம் கீது, தொட்டி கீது. அவளுக்குத்தான் கை சும்மா கீது. மத்த அபார்ட்மென்ட்லயும் இந்தப் பேப்பர போட்டோ புடிச்சு வெச்சுகினு காட்றாங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. தொட்டிக்குப் போட வாங்கிய மிதவைக் குமிழை ஆட்டிக்காட்டி, "இத்த பாத்தியா, தண்ணி ஏறினா தானா மூடிக்கும். மனுசனுக்கு இதுமாதிரி ஒண்ணு வெக்கணும்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதற்குப் பதினைந்து நாள் கழித்து, மொபெட்டில், பின்னிருக்கை காலியாக.

வியாழக்கிழமை அம்மாவும் நானும் சென்னீர்குப்பம் போனோம். கஸ்தூரி அக்கா அழுது முடித்திருந்தார். எங்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். அம்மா ஏதோ ஆறுதல் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க அபார்ட்மென்ட்ல பி பிளாக்குல எல்லா ஊட்லயும் தண்ணி லைன் மாத்தப் போறாங்களாமே. ஞாயித்துக்கெழம பேசி முடிவு பண்றாங்களாம். எந்தம்பிய கூட்டுக்கினு வந்து கேக்கலாம்னு கீறேன். அந்தப் பேப்பரு இன்னும் ஒட்டிக்கினு கீதா?" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். "இருக்குக்கா" என்றேன்.

அதனால்தான் இதை ஒரு பக்கத்தில் முடிக்க முடியவில்லை. தேவராஜ் அண்ணனுக்கு இரங்கல் சொல்லிவிட்டு, அதே கூட்டத்தில் பி பிளாக் வேலையைப் பற்றி முடிவெடுக்கப் போகிறீர்கள். அந்தத் தாளில் இருப்பது தவறு என்று அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கஸ்தூரி அக்கா போட்ட பதினொரு இணைப்புகளில் ஒன்றுகூடக் கசியவில்லை. கசிந்தது எங்கள் துளை.

தேவராஜ் அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த மூன்றாவது திருகாணி. அன்று அதை அவர் அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா ஜன்னல் விளிம்பில் வைத்தார். நான் எடுத்து ஜியாமெட்ரி பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன். பாதி துருவும், நுனியில் சுண்ணாம்பின் வெள்ளை வளையமுமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவேன். பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம்.

இதுவரை எழுதியதை இன்று, சனிக்கிழமை சாயங்காலம், அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். எட்டு மாதங்களுக்கு முன்னால் என்ற வரிக்குப் பக்கத்தில், "அப்பா வேலைப்பளுவில் சொல்ல மறந்துவிட்டார்" என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அப்பா பேனாவை வாங்கி அதை அடித்தார். "மறக்கல. அப்படி எழுதாத" என்றார். வேறு எதையும் மாற்றவில்லை. நாளைக் கூட்டத்தில் அந்தப் பகுதி வரும்போது தானே எழுந்து படிப்பதாகச் சொன்னார்.

பிறகு நான் அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் அலமாரிக் கதவைத் திறந்து காட்டினேன். ஈரத்துணியை ஒற்றி ஒற்றி என் அட்டவணைகளை ஒவ்வொன்றாக உரித்தோம். அடியில் குழாய்ப் பாதை மங்காமல் இருந்தது. கூடத்துச் சுவரின் பாதையில், தரையிலிருந்து நான்கடி உயரத்தில், தேவராஜ் அண்ணன் பெரிய எழுத்தில் "இங்க ஆணி வேணாம்" என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டிருந்தார். அப்பா அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்தார். "11 ஜாயின்ட்" என்பதற்குக் கீழே பிறகு போட்ட இரண்டையும் சேர்த்து எழுதும்படி என்னிடம் சொன்னார். எழுதினேன். நாளைக்கு இந்தத் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். எதை எடுத்துவிட்டு ஒட்டுவது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்பா இழுப்பறையிலிருந்து டார்ச்சை எடுத்துவந்து, தேவராஜ் அண்ணன் பிடித்ததுபோலக் கூடத்துச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். அம்மா திரைச்சீலைகளை இழுத்துவிட்டார். நான் விளக்குகளை அணைத்தேன்.